மறுக்க ஆள் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

கட்டுரை என்றாலே முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் போட்டுப் பழகியவர்கள் நாம். முன்னுரையில் ஒரு மேற்கோள், அப்புறம் "இதுபற்றி இக்கட்டுரையில் காண்போம்." இருபது ஆண்டுகளாகத் தாள் திருத்துகிறேன், இந்தக் "காண்போம்" இல்லாத தாள் அபூர்வம். சரி, கண்டு என்ன சொல்லப் போகிறோம்? அதைச் சொல்லும் ஒரு வாக்கியத்தைத்தான் மையக் கருத்து என்கிறோம்.

போன பருவத்தில் மாணவி ஒருவர் தமிழ்நாட்டுப் பள்ளி மதிய உணவு பற்றி எழுதி வந்தார். முதல் பத்தி இப்படி முடிந்தது: "மதிய உணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளுக்கு மிகவும் பயனுள்ள திட்டம்."

"இதை இல்லை என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா அம்மா?" என்று கேட்டேன்.

யோசித்துவிட்டு, "இல்லீங்க சார்" என்றார்.

மறுக்க ஆளில்லாத வரியை நிரூபிக்க நான்கு பக்கம் எதற்கு?

அவருடைய குறிப்பேட்டைத் திறந்தோம். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956-இல் காமராஜர் மாநிலமெங்கும் கொண்டுபோனது, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கியது, 1989-இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. எல்லாம் வரிசையாக இருந்தன. வாதம்தான் இல்லை. "இதில் எது திருப்புமுனை என்று உங்களுக்குப் படுகிறது?" என்றேன். சட்டென்று "முட்டை" என்றார்.

வாக்கியம் மாறியது: "சத்துணவு என்ற பெயர் 1982-இலேயே வந்துவிட்டாலும், 1989-இல் முட்டை சேர்ந்த பிறகுதான் பசியாற்றும் சோறு, உடம்பை வளர்க்கும் உணவாயிற்று." அந்த "வந்துவிட்டாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள், எதிராளிக்கும் அதிலேயே ஒரு நாற்காலி போட்டாயிற்று. ஆளும் உடனே வருவார். 1982-இலும் பருப்பு, காய்கறி இருந்ததே என்பார் ஒருவர். இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டையில் என்ன வளர்ந்துவிடும் என்பார் இன்னொருவர். இரண்டாவதை நானே கேட்டேன்.

பதில் இல்லாமல் போனவர் இரண்டு நாள் கழித்து வந்தார். முட்டை பின்னாளில் வாரம் ஐந்து நாள் ஆனதைத் தேடிப் பிடித்திருந்தார். "1989-இல் முட்டை சேர்ந்த பிறகுதான்" என்பதை அடித்துவிட்டு, "1989-இல் இரு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, வாரம் ஐந்து நாளும் தட்டுக்கு வந்தபோதுதான்" என்று மேலே நெருக்கி எழுதியிருந்தார்.

நான்கு பக்கம் ஆறாகியிருந்தது. முன்னுரையின் மேற்கோள் மட்டும் அசையாமல் அங்கேயே இருந்தது. சரி, அதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வணக்கம்.