சுகார்த்தோவை இறக்குனது யாரு?

வணக்கம் நேயர்களே. பேச கூப்பிட்ட நிலையத்தாருக்கு நன்றி. இன்னிக்கு நான் எடுத்துக்கிட்ட விஷயம் இந்தோனேசியா. 32 வருஷம் அந்த நாட்டை ஆண்ட சுகார்த்தோ 1998 மே 21ஆம் தேதி காலையில ஒன்பது மணிக்கு, ஜகார்த்தாவுல மெர்டேகா அரண்மனையில மைக் முன்னாடி நின்னு, கையில இருந்த தாளைப் பாத்து நான் பதவி விலகுறேன்னு வாசிச்சாரு. கொஞ்ச நிமிஷத்துல பக்கத்துல நின்ன துணை அதிபர் ஹபிபி அதிபரா பதவிப் பிரமாணம் எடுத்துட்டாரு. அதோட முடியல. முப்படைத் தளபதி விராந்தோ அதே மைக்குக்கு வந்து, முன்னாள் அதிபரையும் அவர் குடும்பத்தையும் ராணுவம் பாதுகாக்கும்னு அறிவிச்சாரு. எல்லாரும் மொதல் ரெண்டு காட்சியத்தான் ஞாபகம் வச்சிருக்காங்க, எனக்கு அந்த மூணாவதுதான் ரொம்ப முக்கியமா படுது, ஏன்னு சொல்றேன்.

மாணவர்கள் போராடுனாங்க, சர்வாதிகாரி ஓடிட்டாருன்னு ஒரே வரியில முடிச்சிடறது வழக்கம். அது பொய் இல்ல. ஆனா மாணவர்கள் உயிரைக் கொடுத்தாங்களே தவிர, அடுத்து நாற்காலி யாருக்குன்னு முடிவு பண்ணது அவங்க இல்ல. அதை முடிவு பண்ணது சுகார்த்தோ கூடவே இருந்து, அவர் போட்ட பதவியில உக்காந்து, அவரை வாழ்க வாழ்கன்னு சொல்லிட்டு இருந்தவங்க. இது புரிஞ்சாத்தான் அதுக்கப்புறம் அங்க நடந்ததெல்லாம் புரியும்.

மொதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். 1965 கடைசியில கம்யூனிஸ்டுகளை ஒழிக்கறோம்னு சொல்லி ஆரம்பிச்ச படுகொலையில செத்தவங்க குறைஞ்சது அஞ்சு லட்சம் பேர்னு வரலாற்று ஆசிரியர்கள் சொல்றாங்க, அந்த ரத்தத்து மேலதான் 1966ல சுகார்த்தோ அதிகாரத்துக்கு வந்தாரு. அதுக்கப்புறம் அரிசி விளைஞ்சுது, ஸ்கூல் வந்துச்சு, வறுமை நெஜமாவே குறைஞ்சுது, அதை மறைக்கக் கூடாது. ஆனா கூடவே குடும்பமும் வளந்துச்சு. மூத்த பொண்ணு டுட்டுட்டுக்கு டோல் ரோடு, இன்னொரு பையனுக்கு டிவி, பேங்க். கடைசி பையன் டோமிக்கு கிராம்பு. அங்க சிகரெட்டுல கிராம்பு கலப்பாங்க, அதனால நாடு பூரா கிராம்பு விவசாயிங்க இருக்காங்க, அவங்க விளைச்சல் மொத்தமும் டோமியோட அமைப்பு வழியாத்தான் போகணும்னு சட்டம் போட்டாங்க, விவசாயிக்கு கிடைக்கிற விலை படுத்துருச்சு, சிகரெட் கம்பெனிக்கு விக்கிற விலை மட்டும் ஏறுச்சு. 1996ல அதே பையனுக்கு தேசியக் கார்னு ஒரு திட்டம் கொடுத்தாங்க, கார் கொரியாவுலேர்ந்து வந்து இறங்குச்சு, வரி கிடையாது.

காசு புரண்ட வரைக்கும் இதையெல்லாம் யாரும் வாயைத் திறந்து கேக்கல. 1997 நடுவுல ஒரு டாலருக்கு ஏறக்குறைய 2,400 ரூபியா இருந்துச்சு. தாய்லாந்துல ஆரம்பிச்ச நெருக்கடி இங்க வந்ததும், 1998 ஜனவரிக்குள்ள அது பத்தாயிரத்தைத் தாண்டி எங்கயோ போயிருச்சு. கம்பெனிங்க எல்லாம் டாலர்ல கடன் வாங்கியிருந்தாங்க, வருமானம் ரூபியாவுல, அப்புறம் எப்படி நிக்கும்? அரிசி, சமையல் எண்ணெய், பால் பவுடர் எல்லாம் ஏறிப் போச்சு, வேலை போனவங்க கூட்டம் கூட்டமா ஊர் திரும்பினாங்க. ஜனவரி 15ஆம் தேதி சுகார்த்தோ ஐ.எம்.எஃப்.ங்கற சர்வதேச நாணய நிதியத்தோட ஒப்பந்தத்துல குனிஞ்சு கையெழுத்து போடறாரு, அந்த அமைப்போட தலைவர் கம்தெசு கையைக் கட்டிக்கிட்டு மேல நின்னு பாக்கறாரு. அந்த போட்டோ உலகம் பூரா வந்துச்சு. அவரைப் பிடிக்காத இந்தோனேசியர்களுக்குக்கூட அது அவமானமா இருந்துச்சு, ஏன்னா குனிஞ்சது ஒரு ஆள் மட்டும் இல்லையே.

இத்தனைக்கும் நடுவுல மார்ச் மாசம் மக்கள் ஆலோசனை மன்றம் கூடுது. ஆயிரம் உறுப்பினர், அதுல பாதிக்கு மேல நியமனம். ஏழாவது தடவையா சுகார்த்தோவையே தேர்ந்தெடுத்தாங்க, எதிர்த்து நிக்க ஆளே இல்ல. மன்றத் தலைவர் ஹார்மோகோ, பல வருஷம் சுகார்த்தோவுக்கு தகவல் மந்திரியா இருந்தவரு, மக்கள் இன்னும் உங்களைத்தான் விரும்பறாங்கன்னு அவருக்கே உறுதி சொன்னவரு. கூட்டத்தை முடிச்சு வைக்க அவர் சுத்தியலைத் தட்டினப்போ அதோட தலை உடைஞ்சு தெறிச்சு விழுந்துச்சாம், ஜகார்த்தாவுல இதை இன்னும் சொல்லுவாங்க. புது மந்திரிசபையில பொண்ணு டுட்டுட் சமூக நலத்துறை, கோல்ஃப் கூட்டாளி பாப் ஹசன் வர்த்தகத்துறை. பட்டினியில கிடக்கிற நாட்டுக்கு அவர் கொடுத்த பதில் இதுதான்.

மே 4ஆம் தேதி பெட்ரோல் விலையை 70 சதவீதத்துக்கு மேல ஏத்துனாங்க. அதை செஞ்சுட்டு 9ஆம் தேதி சுகார்த்தோ மாநாட்டுக்காக கெய்ரோ கிளம்பிட்டாரு. 12ஆம் தேதி சாயந்திரம் திரிசக்தி பல்கலைக்கழகத்துல ஊர்வலம் முடிஞ்சு கேம்பஸுக்குள்ள திரும்பிட்டிருந்த மாணவர்கள் மேல துப்பாக்கிச் சூடு, நாலு பேர் செத்தாங்க. அடுத்த மூணு நாள் ஜகார்த்தா எரிஞ்சுது. ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்க, அதுல நிறைய பேர் சூறையாட உள்ள போயி, தீ வச்ச ஷாப்பிங் மால்ல மாட்டிக்கிட்ட ஏழை ஜனங்க. சீன வம்சாவளிக் காரங்க கடைங்களையும் வீடுங்களையும் தேடித் தேடி அடிச்சாங்க, அவங்க வீட்டுப் பொண்ணுங்க கூட்டமா பலாத்காரம் பண்ணப்பட்டாங்க. அரசாங்கமே போட்ட உண்மை கண்டறியும் குழு அம்பதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தக் கொடுமை நடந்ததை உறுதிப்படுத்துச்சு. நேயர்களே, இதை நான் வேகமா கடந்து போக விரும்பல. சுகார்த்தோ வீழ்ச்சின்னா கொடி, கோஷம், வெற்றின்னு மட்டும் பேசறவங்க இந்தப் பொண்ணுங்களைப் பத்தி பேசறதே இல்ல, குற்றவாளின்னு கோர்ட்டுல நிறுத்தப்பட்டு தண்டனை வாங்குனவன் ஒருத்தன்கூட கிடையாது.

18ஆம் தேதி மாணவர்கள் ஆயிரக்கணக்குல நாடாளுமன்ற வளாகத்துக்குள்ள போயிட்டாங்க. அந்தக் கட்டடத்தோட பச்சைக் கூரை மேல ஏறி உக்காந்துட்டாங்க, சிப்பாய்ங்க தடுக்கல, சில பேர் கைகுலுக்கக்கூட செஞ்சாங்க. அன்னிக்கு மத்தியானம் அதே ஹார்மோகோ வெளிய வந்து, நாட்டு ஒற்றுமைக்காக அதிபர் விவேகமா விலகறது நல்லதுன்னு அறிக்கை வாசிக்கிறாரு. மார்ச்சுல ஏழாவது தடவை முடிசூட்டுன அதே ஆளு! ரெண்டே மாசம். 19ஆம் தேதி சுகார்த்தோ முஸ்லிம் தலைவர்களைக் கூப்பிட்டு, சீர்திருத்தக் குழு போடறேன், தேர்தல் நடத்தறேன், நான் நிக்க மாட்டேன்னு சொல்லிப் பாத்தாரு. அந்தக் குழுவுல சேர கூப்பிட்ட ஆளுங்க வரவே மாட்டேன்னுட்டாங்க. 20ஆம் தேதி ராத்திரி பொருளாதார மந்திரி கினாஞ்சார் தலைமையில 14 மந்திரிங்க கையெழுத்து போட்ட லெட்டர் சுகார்த்தோவோட செந்தனா தெரு வீட்டுக்கு வந்துச்சு, உங்க புது மந்திரிசபையில நாங்க இருக்க மாட்டோம்னு. அவசர அதிகாரம் கொடுத்து ஒரு உத்தரவு விராந்தோ கையில இருந்துச்சு, அவர் அதைப் பயன்படுத்தல. காலையில எல்லாம் முடிஞ்சுது.

சுகார்த்தோவுக்குக் கோபம் மாணவர்கள் மேலயா இருந்துச்சு? இல்ல, அவர் புள்ள மாதிரி வளத்த ஹபிபியை அதுக்கப்புறம் தன்னை நேர்ல பாக்கவே விடல. கூட இருந்தவங்க கைவிட்டதுதான் அவருக்கு வலிச்சுது. ஆனா கைவிட்டவங்க யாரும் எதையும் இழக்கல, அதைத்தான் நான் சொல்ல வர்றேன். பத்திரிகைக்கு சுதந்திரம் வந்துச்சு, 1999ல 48 கட்சி தேர்தல்ல நின்னுச்சு, கிழக்கு திமோர் வாக்கெடுப்பு நடத்தி தனி வழி போச்சு, இதெல்லாம் பெரிய விஷயம், மனசாரச் சொல்றேன். ஆனா கணக்கு கேக்கற இடம் வந்தப்போ எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. 2000த்துல சுகார்த்தோ மேல அறக்கட்டளைப் பணத்தை சுருட்டுன வழக்கு போட்டாங்க, அம்பது கோடி டாலருக்கு மேல, டாக்டருங்க உடம்பு சரியில்லன்னு சொன்னதும் கோர்ட் வழக்கைக் கைவிட்டுருச்சு. 2008 ஜனவரியில அவர் செத்தப்போ அரசு மரியாதையோட அடக்கம் பண்ணாங்க. விராந்தோ அன்னிக்கு மைக்குல சொன்ன பாதுகாப்பு கடைசி வரைக்கும் நின்னுச்சு, அதனாலதான் அந்த மூணாவது காட்சி முக்கியம்னு சொன்னேன். ஏன் இப்படின்னு கேட்டா, அவரை விசாரிச்சா அவரோட சேர்ந்து கையெழுத்து போட்ட எல்லாரையும் விசாரிக்கணும், அதுக்கு யாரும் தயாரா இல்ல.

2007லேர்ந்து வியாழக்கிழமை சாயந்திரம் அதே மெர்டேகா அரண்மனைக்கு எதிர்ல கறுப்புக் குடை பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் பேர் வந்து நிக்கறாங்க. துப்பாக்கிச் சூட்டுல புள்ளையப் பறிகொடுத்த அம்மாங்க, காணாம போனவங்க சொந்தக்காரங்க. சுகார்த்தோ ஆட்சியோட கடைசி காலத்துல கடத்திட்டுப் போன ஆர்வலர்கள்ல 13 பேர் என்ன ஆனாங்கன்னு இன்னும் தெரியாது. அந்தக் கடத்தல் விவகாரத்துல 1998 ஆகஸ்டுல ராணுவத்துலேர்ந்து நீக்கப்பட்ட சுகார்த்தோவோட அப்போதைய மருமகன் பிரபோவோ, 2024லேர்ந்து அந்த அரண்மனையில அதிபரா இருக்காரு.

2025 நவம்பர் 10ஆம் தேதி அவர் சுகார்த்தோவுக்கு தேசிய வீரர் பட்டம் கொடுத்தாரு. அன்னிக்கே அந்தப் பட்டம் வாங்குனவங்க பட்டியல்ல மார்சினாவும் இருக்காங்க. வாட்ச் ஃபேக்டரியில வேலை பாத்த பொண்ணு, 24 வயசு. 1993ல தினக்கூலியை 1,700 ரூபியாவுலேர்ந்து 2,250க்கு ஏத்தச் சொல்லி ஸ்ட்ரைக் பண்ணாங்க, அது அரசாங்கமே நிர்ணயிச்ச கூலி. கூட வேலை பாத்த 13 பேரை ராணுவ ஆஃபீஸுக்குக் கூப்பிட்டு ராஜினாமா எழுதி வாங்கினதும், அதைக் கேக்கப் போன பொண்ணு அன்னிக்கு ராத்திரி காணாம போயி, சில நாள்ல பொணமா கிடைச்சாங்க. கைதானவங்களை உச்ச நீதிமன்றம் விடுதலை பண்ணிருச்சு, கொன்னது யாருன்னு இன்னி வரைக்கும் முடிவாகல. அது நடந்தது சுகார்த்தோ ஆட்சியில. செத்த பொண்ணுக்கும், அந்த ஆட்சியோட தலைவருக்கும் ஒரே நாள்ல ஒரே பட்டம் கொடுக்கறது அந்தப் பொண்ணுக்கு செய்யற அநியாயம், அவங்க குடும்பம் பட்டத்தை வாங்கிக்கிட்டதுல எனக்கு எந்தக் குறையும் இல்ல, ஆனா அரசாங்கம் அவங்களுக்கு முதல்ல கொடுத்திருக்க வேண்டியது மறுவிசாரணை, அந்தக் கொலை வழக்கைத் திறந்திருக்கணும், காணாம போன அந்த 13 ஆர்வலர்கள் எங்கன்னு அவங்க அம்மாங்ககிட்ட சொல்லியிருக்கணும். இதை ஜகார்த்தாவுல எத்தனையோ பேர் இன்னிக்கும் ரோட்டுல நின்னு கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க, நானும் அவங்க பக்கம்.

நன்றி, வணக்கம்.