நூறின் மடக்கை 2-ஆ, 4.605-ஆ?

அனைவருக்கும் வணக்கம்.

நான் அசடு வழிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். பைத்தான் என்ற கணினி மொழியில் முதன்முதலாக நிரல் எழுதியபோது 100-க்கு லாக், அதாவது மடக்கை கேட்டேன். 2 வரும் என்று பார்த்தால் 4.605 வந்து நின்றது. அரைமணி நேரம் நிரலைக் குடைந்தேன். நிரல் சரி, நான்தான் பள்ளிக்கூடத்து லாக் புத்தகத்தை விட்டு வெளியே வரவில்லை. அந்தப் புத்தகத்தின் அடிமானம் 10. பைத்தானோ, நாம் அடிமானத்தைச் சொல்லாமல் விட்டால் 'ஈ'-யை எடுத்துக்கொள்ளும். பறக்கிற ஈ இல்லை, 2.71828 என்று முடிவில்லாமல் போகும் எண். அந்த அடிமானத்தில் வருவதுதான் இயல் மடக்கை. கால்குலேட்டரில் 'எல்என்' பொத்தான்.

மடக்கை கேட்பது இவ்வளவுதான்: அடிமானத்தை எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் இந்த எண் வரும்? 10-க்கு 2 போதும். 'ஈ' சின்ன எண், 4.605 வேண்டும். ஒரே பூச்சரத்தைப் பூக்காரம்மா முழம் போட்டால் ஒரு கணக்கு, அவர் பேத்தி போட்டால் இன்னொரு கணக்கு. சரம் அதேதான். பத்தடிமான மடக்கை எதையும் 2.3026-ஆல் பெருக்குங்கள், இயல் மடக்கை வந்துவிடும்.

ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகளை 'பேஸ்' என்ற சொல் பாடாய்ப் படுத்துகிறது. முக்கோணத்துக்கும் பேஸ், வேதியியலிலும் பேஸ். நமக்கு அடிப்பக்கம், காரம், அடிமானம் என்று தனித்தனிச் சொல் உண்டு. ஆனாலும் ஓரிடத்தில் நாமும் தடுக்கி விழுவோம். எண்களை எழுதும் முறைக்கும் அடிமானம், மடக்கைக்கும் அடிமானம். 8-ஐ இரண்டடிமானத்தில் 1000 என்று எழுதினால் அதன் இயல் மடக்கை மாறுமா? மாறாது. எந்த வேஷத்தில் வந்தாலும் 8, எட்டுதான்.

அப்படியானால் இரண்டுக்கும் உறவே இல்லையா? உண்டு. ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1614-ல் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். மறு வருடமே கணிதப் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ் லண்டனிலிருந்து எடின்பரோவுக்குக் கிளம்பிப் போய் அவரைப் பார்த்தார். பத்தையே அடிமானமாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. எல்லாம் வசதிக்காகத்தான். 2-க்கு 0.3010, 20-க்கு 1.3010, 200-க்கு 2.3010. புள்ளிக்குப் பின்னால் மாறவே இல்லை பாருங்கள்! நாம் பத்துப் பத்தாக எழுதுவதால் கிடைத்த லாபம் இது. மனிதனுக்கு எட்டே விரல் இருந்திருந்தால் பிரிக்ஸ் எட்டைக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

'ஈ'-க்கு நம் விரல் கணக்கெல்லாம் தெரியாது. ஒரு ரூபாய்க்கு வருடம் நூறு சதவீத வட்டி என்று வையுங்கள். (யாரும் தரமாட்டார்கள், சும்மா வையுங்கள்.) வருடக் கடைசியில் ஒரே தடவை வட்டி சேர்த்தால் 2 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்தால் 2.25. மாதாமாதம் என்றால் 2.613, தினமும் என்றால் 2.7146. நொடிக்கு நொடி சேர்த்தாலும் 'ஈ'-யைத் தாண்டாது. யாரும் உட்கார்ந்து முடிவு செய்த எண் இல்லை. வளர்ச்சி தானாகப் போய் முட்டி நிற்கும் இடம். அதனால்தான் 'இயல்' என்கிறோம்.

இப்போதெல்லாம் புது மென்பொருள் எதைத் திறந்தாலும் முதல் வேலையாக 100-க்கு லாக் கேட்டுவிடுகிறேன். எக்செல் 2 என்கிறது.