உறைமேல் எழுதிய காரணம்

நேயர்களுக்கு வணக்கம். ரஸ்ட் என்ற கணினி நிரல்மொழியில் பிழைகளை, அதாவது ஒரு வேலை முடியாதபோது புரோகிராம் சொல்லும் காரணங்களை, எப்படி வடிவமைப்பது என்று பேசச் சொன்னார்கள். சரி என்று ஒப்புக்கொண்டு, இன்று வேளச்சேரியில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: வானொலியில் ஒரு வரி கோட் கூடக் காட்ட முடியாது. கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்குவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். தபாலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

என் அப்பா தபால்காரர். மயிலாப்பூர், சென்னை 4. பட்டுவாடா ஆகாமல் திரும்பும் பதிவுத் தபாலின் உறைமேல் அவர் காரணம் எழுதுவார். கதவு பூட்டியிருக்கிறது. வீடு மாறிப் போய்விட்டார். விலாசம் போதாது. வாங்க மறுத்தார். பக்கத்தில் தேதியும் கையெழுத்தும். சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் ஒன்றுதான், கடிதம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதானே? அப்பா விடமாட்டார். "பூட்டியிருந்தா மறுபடி அனுப்பலாம். விலாசம் போதாதுன்னா கதவு நம்பரைக் கேட்டு எழுதணும். மறுத்தார்னு நான் எழுதினா அது கோர்ட்டு வரைக்கும் போகும்டா" என்பார். உண்மைதான். வக்கீல் நோட்டீஸை வாங்க மறுத்தால், அது கிடைத்ததாகவே நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன. அனுப்பியவருக்கு அது தோல்வியே இல்லை.

இப்போது ரஸ்டுக்கு வருகிறேன். கிரேடன் ஹோர் என்ற பொறியாளர் 2006இல் தன் சொந்த முயற்சியாக இதைத் தொடங்கினார். வான்கூவரில் அவருடைய அடுக்ககத்தின் லிஃப்ட் மென்பொருள் கோளாறால் நின்றுபோக, 21 மாடி படியேறினாராம். அந்த எரிச்சலில் பிறந்த மொழி. பெயர் இரும்பில் பிடிக்கும் துருவைக் குறிப்பதில்லை, பயிர்களில் வரும் துருப்பூஞ்சையிலிருந்து வந்தது. எதையும் தாங்கி உயிர்பிழைக்கும் ஜந்து அது. முதல் நிலையான பதிப்பு 2015 மே 15 அன்று வெளியானது.

பல மொழிகளில் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்து விடை தரும் கோட் துண்டு, "எண் ஒன்று தருகிறேன்" என்று சொல்லிவிட்டு, நடுவில் பிழையைத் தூக்கி எறியும். எங்கே போய் விழும் என்று அதன் தலைப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரஸ்டில் தோல்வியும் வாக்குறுதியிலேயே எழுதப்பட்டிருக்கும். திரும்பி வருவது ரிசல்ட் என்ற உறை. உள்ளே 'ஓகே'யும் சரக்கும் இருக்கும், அல்லது 'எர்ர்'ரும் காரணமும் இருக்கும். உறையைப் பிரிக்காமல் சரக்கை எடுக்க முடியாது. 'அன்ராப்' என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கிழிக்கலாம். காரணச்சீட்டு இருந்துவிட்டால் புரோகிராம் அங்கேயே விழுந்துவிடும்.

ஆக உறை தயார். காரணம் என்ன எழுதுவது என்பது நம் பொறுப்பு. அதில்தான் நாங்கள் கோட்டை விட்டோம்.

ஒரு கூரியர் நிறுவனத்துக்காக எங்கள் குழு எழுதிய புரோகிராம். இரவில் 38 கிளைகளின் கோப்புகளைப் படித்து, எடையும் தூரமும் பார்த்து, காலைக்குள் பில் போட வேண்டும். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுபோயிற்று. நடந்ததைப் பதிந்துவைக்கும் லாகில் ஒரே ஒரு வரி: "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி, ஓஎஸ் எரர் 2". அப்படி ஒரு கோப்பு இல்லை. எந்தக் கோப்பு? சொல்லவில்லை. 38 கிளைகள், கிளைக்கு மூன்று கோப்பு. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் புதுச்சேரிக் கிளையின் கோப்புப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தபோது தெருமுனை டீக்கடையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

இதில் ரஸ்டைத் திட்டிப் பயனில்லை. லினக்ஸ் என்ற இயங்குதளம் தருவது 2 என்ற எண்ணை மட்டும்தான். கோப்பின் பெயரையும் சுமக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு பிழைக்கும் கூடுதல் நினைவகம் ஒதுக்க வேண்டும். ரஸ்டோடு சேர்ந்தே வரும் நிலையான நூலகம் அந்தச் செலவை எல்லார் தலையிலும் கட்டுவதில்லை. பெயர் யாரிடம் இருந்தது? கோப்பைத் திறக்கச் சொன்ன எங்களிடம். நாங்கள்தான் அதை எழுதாமல் கைமாற்றினோம்.

கைமாற்றுவது அவ்வளவு சுலபம். 2016 நவம்பரில் வந்த 1.13 பதிப்பிலிருந்து வரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும், பிழை தானாக மேலே, அதாவது அழைத்த ஃபங்ஷனுக்கு, போய்விடும். அருமையான வசதி, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஐந்து படி ஏறி வந்த பிழையில் ஐந்து பேரும் ஒரு வார்த்தை எழுதவில்லை என்றால், உச்சியில் இருப்பவர் கையில் வெறும் 2.

சரி, எப்படி மாற்றினோம்? மேலே அனுப்பும் ஒவ்வொரு இடத்திலும், அங்கே மட்டும் தெரிந்த தகவலைச் சேர்த்தோம். கோப்பைத் திறக்கும் இடத்துக்குப் பாதை தெரியும். வரியைப் படிக்கும் இடத்துக்கு வரி எண் தெரியும். பில் போடும் இடத்துக்குக் கிளை தெரியும். ஒவ்வொன்றும் கீழே வந்த காரணத்தைத் தன் உறைக்குள் வைத்து மேலே தரும். அடிப்படைக் காரணத்தைக் கேட்டு வாங்க 'சோர்ஸ்' என்ற வழி இருக்கிறது. இங்கே ஒரு சின்னக் கண்ணி. உள்ளே இருக்கும் காரணத்தை நம் செய்தியிலும் எழுதி, சோர்ஸிலும் கொடுத்தால், லாகில் ஒரே வாக்கியம் இரண்டு தடவை வரும். ஏதாவது ஓர் இடத்தில் போதும். ஆங்கிலத்தில் செய்திகளைச் சிறிய எழுத்தில் தொடங்கி, முற்றுப்புள்ளி இல்லாமல் எழுதச் சொல்வதும் இதற்காகத்தான்: ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் படிக்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்துத் தொல்லை இல்லை, பாதி வேலை மிச்சம்.

அப்புறம் ஒரு பெரிய பட்டியல். எங்களிடம் மொத்த கோட்டுக்கும் சேர்த்து ஒரே பிழை வகை இருந்தது, கிட்டத்தட்ட அறுபது காரணங்களோடு. ஒரு தேதியைச் சரிபார்க்கும் ஃபங்ஷன் கூட "எனக்கு நெட்வொர்க் அறுந்துபோகலாம், டேட்டாபேஸ் பூட்டியிருக்கலாம்" என்று வாக்குமூலம் கொடுக்கும். படிப்பவர் எதை நம்புவார்? இப்போது ஒவ்வொரு வேலைக்கும் அதற்கு நேரக்கூடிய மூன்று நான்கு காரணங்கள் மட்டும். இங்கே அப்பாவின் அளவுகோல்தான் எனக்குக் கைகொடுக்கிறது. இரண்டு காரணங்களுக்கும் அழைத்தவர் செய்யப்போவது ஒன்றே என்றால் அவற்றைத் தனித்தனி வகையாக்க வேண்டாம், விவரத்தைச் செய்தியில் சொன்னால் போதும். செய்வது வேறு என்றால் கட்டாயம் பிரிக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலலாமா, யாராவது கையால் திருத்த வேண்டுமா என்பது எங்களுக்கு முக்கியமான பிரிவு.

கருவிகள் உண்டு. டேவிட் டோல்னே 2019இல் வெளியிட்ட 'திஸ்எரர்', 'எனிஹவ்' இரண்டும் பரவலாகப் புழங்குகின்றன. பிறர் தங்கள் புரோகிராமில் சேர்த்துப் பயன்படுத்தும் லைப்ரரி எழுதினால் முன்னது, முழு அப்ளிகேஷன் என்றால் பின்னது என்பார்கள். ஓரளவு சரிதான். எங்களுடையது அப்ளிகேஷன்தான், ஆனாலும் உள்ளே பல இடங்களில் காரணத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் இரண்டையும் வைத்திருக்கிறோம்.

விவரம் சேர்க்கிறேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடவும் கூடாது. ஆரம்ப உற்சாகத்தில் ஒருவர் முழு வரியையும் பிழையில் போட்டுவிட்டார். பெறுநரின் கைபேசி எண், வீட்டு விலாசம், எல்லாம் லாகில். அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "ஏன் வரலைன்னுதான் உறைமேல எழுதணும். உள்ளே என்ன இருக்குன்னு எழுதினா வேலை போயிடும்."

சென்ற மாதம் மறுபடி ராத்திரியில் நின்றது. லாகில் இப்படி இருந்தது: "புதுச்சேரிக் கிளைக்குப் பில் போட முடியவில்லை: கோப்பின் 412ஆம் வரி: எடை இருக்க வேண்டிய இடத்தில் 'இல்லை' என்று இருக்கிறது". பணியில் இருந்த பெண் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அந்த ஒரு கிளையை ஒதுக்கி வைத்து மற்ற 37க்கும் பில்லை ஓட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். என்னைக் கூப்பிடவே இல்லை. காலையில் புதுச்சேரிக்குப் போன் போட்டால், அங்கே ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "தராசு ரிப்பேர் சார், அதான் அப்படிப் போட்டோம்."