மலையில ஃபோர்-பை-ஃபோர் பயணம்: கிளம்புறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

[காட்சி: மேஜையில் விரித்த வரைபடம், பென்சில், வெள்ளைத்தாள்]

வணக்கம். மலைப் பாதையில ஃபோர்-பை-ஃபோர், அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில ஆஃப்-ரோடு போகலாம்னு பேச்சு எடுத்தாலே டயர், வண்டியை உயர்த்துற லிஃப்ட் கிட், கயிறு சுத்தி வண்டியை இழுக்கிற வின்ச்னு எல்லாரும் வண்டிக்குள்ளயே போய் நின்னுடுவோம். அதுக்கு முன்னாடி ஒரு தாள்ல மூணு விஷயம் எழுதுங்க. குழுவுலயே சின்ன டேங்க் எந்த வண்டியில? அடிப்பாகம் தரைக்கு ரொம்ப நெருக்கமா இருக்கிற வண்டி எது? உயரமான இடத்துல ராத்திரி தங்கிப் பழக்கமே இல்லாத ஆள் யாரு? எவ்வளவு தூரம், எந்தப் பாதை, எத்தனை நாள்னு தீர்மானிக்கிறது இந்த மூணும்தான். இருக்கிறதுலயே நல்ல வண்டியை வச்சுத் திட்டம் போட்டா, நடுவழியில அந்த நல்ல வண்டியும் சேர்ந்து நிக்கும்.

ஒத்தை வண்டியா போகாதீங்க. ரெண்டாவது வண்டி இல்லைன்னா பயணத்தைத் தள்ளிப் போடுங்க.

முதல் கணக்கு நேரம். கல்லும் பள்ளமுமா இருக்கிற பாதையில, இறங்கிப் பாக்குறது, வழி சொல்லி ஏத்துறது எல்லாம் சேர்த்தா மணிக்கு 10 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். வரைபடத்துல 50 கிலோமீட்டர்னு இருந்தா அது ஒரு முழு நாள். பள்ளத்தாக்குல இன்னொரு சிக்கலும் உண்டு. சூரியன் முகட்டுக்குப் பின்னாடி சீக்கிரமே மறைஞ்சுடும்.

அதனால திரும்புற நேரத்தைக் கிளம்புறதுக்கு முன்னாடியே குறிச்சுடுங்க. காலையில 7 மணிக்குக் கிளம்புறீங்க, 6 மணிக்கு இருட்டும்னா கையில 11 மணி நேரம். வண்டி மாட்டினா எடுக்குறதுக்கு, பஞ்சர் போடுறதுக்குன்னு 2 மணி நேரம் ஒதுக்குங்க. மிச்சம் 9. அதுல பாதி நாலரை. அப்போ 11:30-க்குத் திரும்பியே ஆகணும். உச்சி கண்ணுக்கு எதிர்ல தெரிஞ்சாலும் சரிதான்.

உருகுற பனியில இருந்து வர்ற ஓடையைத் தாண்டுற பாதைன்னா இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். அந்த ஓடையில விடியற்காலையில தண்ணி குறைவா இருக்கும். வெயில் ஏற ஏற மேல பனி உருகி, மத்தியானத்துக்கு மேல மட்டமும் வேகமும் கூடும். 8 மணிக்குச் சுலபமா தாண்டின இடத்துல 4 மணிக்கு வண்டியை இறக்கவே முடியாம போகலாம். நாலரை மணி நேரக் கணக்கு சரியா வந்தாலும் ஓடை விடாது. அந்த மாதிரிப் பாதையில, ஓடைக்கு அந்தப் பக்கமே ராத்திரி தங்கி, மறுநாள் காலையில தாண்டுற மாதிரி திட்டம் போடுங்க.

[காட்சி: தாளில் பென்சிலால் எழுதும் கூட்டல் கணக்கு]

அடுத்தது எரிபொருள். தார் ரோட்டுல லிட்டருக்கு 12 கிலோமீட்டர் குடுக்கிற வண்டி, லோ ரேஞ்சுல (வேகம் குறைஞ்சு இழுவை கூடுற கியர் நிலை) 5 குடுத்தா அதுவே போதும்னு வச்சுக்கோங்க. கடைசி பெட்ரோல் பங்குல இருந்து பாதை ஆரம்பிக்கிற இடம் 40 கிலோமீட்டர், போக வர 80. மலை ரோடுங்கிறதால லிட்டருக்கு 10 போட்டா 8 லிட்டர். மண் பாதை போக வர 50, அதுக்கு 10 லிட்டர். ஆக 18. அவசரத்துக்குக் கையிருப்பா இதோட பாதியை, அதாவது 9 லிட்டரைச் சேர்த்தா 27. ரெண்டு நாள் பாதைன்னா இது மளமளன்னு ஏறும்.

டேங்க் கொள்ளளவு முழுசையும் கணக்குல எடுக்காதீங்க. வண்டி செங்குத்தா ஏறும்போதோ ஒரு பக்கமா சாயும்போதோ எண்ணெய் டேங்க்ல ஒரு மூலைக்கு ஒதுங்கிடும். பம்ப் காத்தை இழுத்து இன்ஜின் நின்னுடும், அதுவும் ஏத்தத்துக்கு நடுவுல. கடைசி கால் டேங்க்கை இல்லைன்னே வச்சுக்கோங்க. பத்தலைன்னா ஜெர்ரி கேன், அதாவது எரிபொருள் எடுத்துட்டுப் போற கேன். அதை ஆள் உக்கார்ற கேபினுக்குள்ள வைக்காதீங்க, வாய் வரைக்கும் நிரப்பாதீங்க. உயரத்துக்குப் போனதும் உள்ள அழுத்தம் சேர்ந்திருக்கும், மூடியை மெதுவா திறங்க.

உயரம் வண்டியையும் பாதிக்கும், ஆளையும் பாதிக்கும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சுமார் 10 சதவீதம் சக்தி இழக்கும். 4000 மீட்டர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிருக்கும். கீழ ஹை ரேஞ்சுல ஏறின அதே சரிவுக்கு அங்க லோ ரேஞ்ச் கேக்கும். ஆளைப் பொறுத்தவரை, 3000 மீட்டருக்கு மேல போயிட்டா, தூங்குற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல உயர்த்தாதீங்க. மூணு நாலு நாளைக்கு ஒருமுறை அதே இடத்துல தங்கி ஓய்வு எடுங்க. நடந்து போறவங்களை உடம்பே நிறுத்திடும். வண்டி ஒரே பகல்ல 2000 மீட்டர் ஏத்தி விட்டுடும், ஆபத்து அங்கதான். தலைவலியோட வாந்தி வந்தா அதுக்கு மேல ஏறாதீங்க. நடை தள்ளாடுது, பேச்சு குழறுதுன்னா விடியட்டும்னு காத்திருக்காம, பாதை பாதுகாப்பா இருக்கிற வரைக்கும் உடனே கீழ இறக்குங்க.

[காட்சி: டயர் வால்வில் கேஜ், காற்று இறங்கும் சத்தம்]

இப்போ டயர். ஆஃப்-ரோடுல இதை விடப் பெரிய மாற்றம் தர்ற வேலை வேற இல்லை. காசும் கிட்டத்தட்ட ஆகாது. ரோட்டுல 35 பி.எஸ்.ஐ. வைக்கிற டயரைக் கல்லுப் பாதைக்கு 20-22-க்கு இறக்குங்க. சேறு, இளகின பனின்னா 16-18. காத்து குறைஞ்சதும் டயர் தரையில படுற பரப்பு நீளும். கூரான கல்லு வந்தா டயர் அதை எதிர்த்து நிக்காம அது மேல மடிஞ்சு உக்காரும், வெட்டு விழுறது குறையும், பிடிமானமும் கூடும். ஆனா 15-க்குக் கீழ போனா, சாதாரண ரிம்ல திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழண்டு வந்துடலாம். பக்கச் சுவரும் வெளிய பிதுங்கி நிக்கும், பாறை ஓரத்தை உரசாம ஓட்டணும். காத்து குறைஞ்ச டயர்ல வேகம் போனா சூடேறிப் பிஞ்சுடும், 40-ஐத் தாண்டாதீங்க.

கீழ வீட்டுல வச்ச அளவை மேல நம்பாதீங்க. 1000 மீட்டர் ஏறினா கேஜ்ல ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவு கூடிக் காட்டும். குளிர் 5-6 டிகிரி கூடினா சுமார் 1 குறையும். அந்தந்த இடத்துல, காலையில வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி பாருங்க. வின்ச்சுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி டயருக்குக் காத்து அடிக்கிற நல்ல கம்ப்ரஸர் வாங்குங்கன்னுதான் நாங்க சொல்லுவோம். அது இல்லாம காத்தை இறக்கினா, தார் ரோட்டுக்கு வந்த பிறகு திண்டாட்டம்தான். ஓட்டையில சொருகி அடைக்கிற பஞ்சர் ஸ்ட்ரிப், தரையில படுற டயர் முகத்துல விழுந்த ஓட்டைக்குத்தான். பக்கச் சுவர் கிழிஞ்சா ஸ்டெப்னி மட்டும்தான் கதி.

மாட்டின வண்டியை எடுக்குறதுக்கு முதல் கருவி மண்வெட்டி. சக்கரத்துக்கு முன்னாடியும், அடியில தட்டி நிக்கிற இடத்துலயும் பத்து நிமிஷம் தோண்டினா, பல நேரம் கயிறே வேண்டியிருக்காது. இழுத்துத்தான் ஆகணும்னா, முதல்ல சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கமா பெரிய கல்லு அண்டக் கொடுங்க. அதுக்கு அப்புறம்தான் யாரும் பக்கத்துல போகணும். டிரெய்லர் மாட்டுற உருண்டைக் கொக்கியில எந்தக் காரணத்துக்கும் கயிறு மாட்டாதீங்க. அது உடைஞ்சா குண்டு மாதிரி பறந்து வந்து ஆளைக் கொல்லும். லாரியில ஏத்திக் கட்டுறதுக்காகக் கம்பெனி வச்ச சின்ன வளையமும் இந்த வேலைக்கு ஆகாது. ரெக்கவரிக்குன்னே, அதாவது மாட்டின வண்டியை இழுக்கிறதுக்குன்னே, சேஸிஸ்ல போல்ட் போட்ட கொக்கி வேணும்.

வேகம் எடுத்து இழுக்கிறதுக்கு, நீண்டு சுருங்குற கைனெட்டிக் கயிறு மட்டும். நீளாத பட்டையை வச்சு வெடுக்குன்னு இழுத்தா ஏதாவது ஒண்ணு பிஞ்சுடும். கயிறையும் கொக்கியையும் இணைக்கிற இரும்பு வளையமான ஷேக்கிள்ல, தாங்குற எடை அச்சடிச்சிருக்கணும். 19 மில்லிமீட்டர் ஷேக்கிள்ல பொதுவா 4.75 டன்னுன்னு இருக்கும். எதுவுமே அச்சடிக்காததைத் தூக்கிப் போடுங்க. கயிறு நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள்ள யாரும் நிக்கக் கூடாது. வின்ச் இருந்தா, வண்டியோட மொத்த எடையை விட ஒன்றரை மடங்கு இழுக்கணும். அந்தச் சக்தியும் உருளையில கடைசி அடுக்குக் கயிறு மட்டும் மிச்சம் இருக்கும்போதுதான் முழுசா கிடைக்கும்.

[காட்சி: செங்குத்தான ஏற்றத்தில் பாதியில் நிற்கும் வண்டி]

ஏத்தத்துல பாதியில நின்னுட்டா வண்டியைத் திருப்பப் பாக்காதீங்க. குறுக்கா திரும்பின நொடியில உருளும். பிரேக்கைப் பிடிச்சு, ஹேண்ட்பிரேக் போட்டு, லோ ரேஞ்ச் ரிவர்ஸ்ல கிளட்சை முழுசா விட்டுட்டு, கியர்லயே ஸ்டார்ட் பண்ணி நேரா பின்னால இறங்கணும். கிளட்ச் மிதிக்காம ஸ்டார்ட் ஆகாத வண்டிகளும் உண்டு. உங்க வண்டி எப்படின்னு சமதளத்துலயே சோதிச்சுத் தெரிஞ்சுக்கோங்க.

இறக்கத்துல லோ ஒண்ணாவது கியர், கிளட்ச்ல கால் படவே கூடாது. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா பிரேக் ஆயில் கொதிச்சு பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரைக்கும் தாங்கும். ஈரம் உறிஞ்சின பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 தான். மாத்தி ரெண்டு வருஷம் ஆகியிருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி மாத்துங்க.

தண்ணியில இறங்குற முன்னாடி குச்சியோட நடந்து பாருங்க. கால் ஊன்றி நடக்க முடியாத இடத்துல வண்டியை இறக்காதீங்க. எவ்வளவு ஆழம் வரைக்கும் போகலாம்னு வண்டியோட கையேட்டுல போட்டிருக்கும். உள்ள இன்ஜின் நின்னுட்டா மறுபடி சாவியைத் திருப்பாதீங்க. சிலிண்டர்ல தண்ணி புகுந்திருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சுடும்.

அனுமதிச் சீட்டு, ஆஃப்லைன் வரைபடம், செல்போன் எடுக்காத இடத்துக்கு ஒரு சேட்டிலைட் கருவி. இதெல்லாம் முந்தின வாரமே தயாரா இருக்கட்டும். கீழ இருக்கிற நம்பகமான ஒருத்தர்கிட்ட பாதை, வண்டி நம்பர், ஆள் பேரு, இந்த மணிக்குள்ள தகவல் வரலைன்னா யாரைக் கூப்பிடணும்னு எழுதிக் குடுங்க.

திரும்பி வந்து தார் ரோட்டைத் தொட்டதும் அரை மணி நேரம் ஒதுக்குங்க. காத்தைப் பழைய அளவுக்கு ஏத்துங்க. எல்லா வீல் நட்டையும் ஸ்பேனர் வச்சு இறுக்கிப் பாருங்க. ரிம் உள்பக்கம் ஒட்டின சேத்தைச் சுரண்டி எடுங்க, இல்லைன்னா 60-ஐத் தாண்டினதும் ஸ்டியரிங் ஆடும். தண்ணியில இறங்கின வண்டின்னா டிஃபரன்ஷியல் (அச்சு நடுவுல இருக்கிற கியர் பெட்டி) ஆயிலைக் கொஞ்சம் திறந்து பாருங்க. பால் மாதிரி வெளுத்திருந்தா உள்ள தண்ணி போயிருக்கு. அந்த வாரத்துக்குள்ள மாத்திடுங்க.