நேற்று ராத்திரி என் ஸ்விட்ச் பேசிவிட்டது!

வணக்கம் மக்களே. ரிச்சி தெருவிலிருந்து தூக்கி வந்தேனே, பழைய சிஸ்கோ 2960 நெட்வொர்க் ஸ்விட்ச் (பல கணினிகளை ஒரே நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி), அது நேற்று ராத்திரி ஒருவழியாகப் பேசிவிட்டது. கருப்புத் திரையில் 'பிரஸ் ரிட்டர்ன் டு கெட் ஸ்டார்டட்' என்று வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

ஸ்விட்சின் கன்சோல் போர்ட்டை, அதாவது அதற்குக் கட்டளை கொடுக்கும் வாசலை, என் லினக்ஸ் கணினியோடு இணைக்கும் இந்தக் கேபிளைப் பாருங்கள். ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை ஆர்ஜே45. உள்ளே யூஎஸ்பியை சீரியல் இணைப்பாக மாற்றும் சிஹெச்340 சிப். கடைக்காரர் 450 சொன்னார், 320க்கு முடித்தேன். எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் போட்டது என்றால் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். 320 ரூபாய்!

ஆனால் செருகினால் டிமெசேஜில், அதாவது லினக்ஸ் கெர்னலின் பதிவுகளில், 'டிடிஒய் யூஎஸ்பி ஜீரோ' என்று போர்ட்டின் பெயர் வருகிறது, அடுத்த நொடியே 'டிஸ்கனெக்டட்'. மூன்று போர்ட்டிலும் மாற்றிச் செருகினேன். அதே கதை. கேபிள்தான் போலி என்று முடிவே கட்டிவிட்டேன். கடைசியாகத் தம்பியின் விண்டோஸ் லேப்டாப்பில் செருகினேன், ஜம்மென்று வேலை செய்கிறது!

அப்புறம்தான் டிமெசேஜை நிதானமாக வரி வரியாகப் படித்தேன். நடுவில் 'பிஆர்எல்டிடிஒய்' என்று ஒரு பெயர். பார்வையற்றவர்களுக்கான பிரெய்ல் கருவியை இயக்கும் மென்பொருள் அது. ஒரு பிரெய்ல் கருவிக்கும் இந்த சிப்புக்கும் ஒரே அடையாள எண், 1ஏ86:7523. தன்னுடைய கருவி வந்துவிட்டது என்று நினைத்து அது போர்ட்டைப் பிடுங்கிக்கொள்கிறது. அந்த மென்பொருளையே நீக்கிவிடு என்று பலர் சொல்வார்கள், எனக்கு அது பிடிக்காது. வீட்டில் யாருக்காவது அது கண்ணாக இருக்கலாம். எந்தக் கருவி வந்தால் என்ன செய்வது என்று லினக்ஸுக்குச் சொல்லும் யூடெவ் விதிக் கோப்பில், இந்த எண் உள்ள வரி செயல்படாதபடி அதற்கு முன்னால் ஒரு # போட்டு, கேபிளைக் கழற்றிச் செருகினேன். போர்ட் அப்படியே நின்றது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இதற்கு முன்பே உங்கள் பயனர் பெயரை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்துவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் 'பெர்மிஷன் டினைட்' என்று வரும்.

போர்ட் வழியாக ஸ்விட்சோடு பேச ஒரு டெர்மினல் மென்பொருள் வேண்டும். நான் எப்போதும் பிகோகாம்தான். அதே வேலைக்கான மினிகாம் வேண்டவே வேண்டாம். அதில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல், அதாவது எதிர்முனை சைகை காட்டினால்தான் தரவை அனுப்பும் முறை, நாம் அணைக்கும்வரை ஆன் ஆகவே இருக்கும். திரையில் எழுத்து வரும், நாம் தட்டுவது மட்டும் போகாது. பிகோகாமில் அந்தத் தொல்லையே இல்லை.

ஆங், வேகம்! என் ஈஎஸ்பி32 (ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர்) வீடியோ பார்த்தவர்கள் பழக்கத்தில் நொடிக்கு 1,15,200 பிட் என்று போட்டுவிடாதீர்கள், குப்பை எழுத்தாக வரும். இந்த ஸ்விட்சுக்கு 9600. எட்டு பிட், பிழை பார்க்கும் பாரிட்டி பிட் இல்லை, எழுத்து முடிந்ததைக் காட்டும் ஸ்டாப் பிட் ஒன்று.

சரி, என்டரைத் தட்டியதும் இப்போது பாஸ்வேர்ட் கேட்கிறது, பழைய சொந்தக்காரர் வைத்தது. அதைத் தாண்ட, முன்பக்கத்து மோட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவர் கொடுக்க வேண்டும். அதை அடுத்த வீடியோவில் உங்கள் கண் முன்னாலேயே செய்கிறேன்.