பேஸ்பாலுக்குத் தந்தை தேடிய கதை

நேயர்களுக்கு வணக்கம்.

பேஸ்பால் எங்கே பிறந்தது என்று விசாரிக்க 1905-இல் அமெரிக்காவில் ஒரு குழுவே போட்டார்கள். காரணம், ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் விளையாட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்த இவர், பேஸ்பால் ஆங்கிலேயரின் ரவுண்டர்ஸ் ஆட்டத்திலிருந்து வந்தது என்று விடாமல் சொல்லிவந்தார். முன்னாள் ஆட்டக்காரரும் விளையாட்டுச் சாமான் வியாபாரியுமான ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கு அது பொறுக்கவில்லை. அவர் முயற்சியில்தான் மில்ஸ் என்பவர் தலைமையில் அந்தக் குழு அமைந்தது.

விவரம் கேட்டு அறிவிப்பு வந்ததும் ஆப்னர் கிரேவ்ஸ் என்ற பொறியாளர் கடிதம் போட்டார்: கூப்பர்ஸ்டவுன் ஊரில் ஆப்னர் டபுள்டே கண்டுபிடித்த ஆட்டம் இது என்று. டபுள்டே உள்நாட்டுப் போரில் பெயர் வாங்கிய தளபதி. குழுவுக்கு வேறென்ன வேண்டும்? ஆண்டு 1839 என்று தீர்ப்பு எழுதிவிட்டது.

சரி, 1839-இல் டபுள்டே எங்கே இருந்தார்? வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். சாட்சி சொன்ன கிரேவ்ஸுக்கு அப்போது வயது ஐந்து! டபுள்டே தாம் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சாகும்வரை சொன்னதும் இல்லை. ஆனாலும் 1939-இல் கூப்பர்ஸ்டவுனில்தான் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் புகழ்மண்டப அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதன் கௌரவப் பட்டியலில் சாட்விக் இருக்கிறார், டபுள்டே இல்லை.

சாட்விக் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. 1744-இல் லண்டனில் ஜான் நியூபெரி வெளியிட்ட சிறுவர் புத்தகத்திலேயே ‘பேஸ்-பால்’ என்ற பெயரில் படமும் பாட்டும் இருக்கின்றன. ரவுண்டர்ஸ் என்ற பெயர் அச்சுக்கு வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. 1791-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பீல்டு ஊர்க்கூட்டம், புதிய சபைக் கட்டடத்திலிருந்து 80 கெஜத்துக்குள் பேஸ்பால் ஆடக் கூடாது என்று தடை போட்டது. ஜன்னல் கண்ணாடிக்காகத்தான்! ஆக, டபுள்டே பிறப்பதற்கு முன்பே அங்கே பையன்கள் கண்ணாடிக்கு வேட்டு வைக்கும் அளவுக்கு ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பையன்கள் ஆட்டத்தைப் பெரியவர்கள் ஆட்டமாக்கியதில் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப்புக்குப் பெரும் பங்குண்டு. பந்தை அடித்துவிட்டு ஓடுகிறவன்மேல் அதை வீசி அவுட்டாக்குவது, நம் தெருப் பிள்ளைகள் முதுகில் பந்தெறிவார்களே அதைப்போல, அதுவரை சகஜம். 1845-இல் இவர்கள் எழுதிய விதிகள் அதை நிறுத்தின. அடி விழாது என்றானபின் பந்து கெட்டியாக இருக்கலாம் அல்லவா? ஆனால் பந்துக்கு எங்கே போவது? கிளப்பின் டாக்டர் ஆடம்ஸ், ரப்பர் துண்டுகள்மேல் நூலைச் சுற்றித் தோல் போர்த்தித் தாமே செய்து கொடுத்தார். என்னைக் கேட்டால், தந்தைப் பட்டத்துக்கு டபுள்டேயைவிட இவருக்குத்தான் தகுதி அதிகம்.

அடுத்த ஆண்டு ஜூனில் ஹோபோக்கன் மைதானத்தில் நிக்கர்பாக்கர்கள் வேறொரு அணியோடு மோதினார்கள். விதி எழுதியவர்களே 23-க்கு 1 என்று தோற்றார்கள். அப்போதெல்லாம் முதலில் 21 ஓட்டம் எடுக்கும் அணிக்கு வெற்றி. அன்று நான்கே இன்னிங்ஸில், அதாவது இரு அணிகளும் மாறி மாறி நான்கு முறை மட்டை பிடித்ததிலேயே, ஆட்டம் முடிந்துவிட்டது. ஒன்பது இன்னிங்ஸ் என்ற கணக்கு 1857-இல் கிளப்புகள் கூடிப் பேசியபிறகு வந்ததுதான்.

நன்றி, வணக்கம்.