சிமாண்டே: லண்டனில் பிறந்து நியூயார்க்கில் பிழைத்த இசை

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு இசைக்குழுவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பெயர் சிமாண்டே. கறுப்பின அமெரிக்கர்களிடமிருந்து வந்த ஃபங்க், சோல் இசையில் பிரிட்டிஷ் குழுக்கள் யார் என்று யாரிடம் கேட்டாலும் ஆவரேஜ் ஒயிட் பேண்ட், ஹாட் சாக்லேட், ஹீட்வேவ் என்று சொல்வார்கள். நல்ல குழுக்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலின் உச்சியில் சிமாண்டேதான் இருக்க வேண்டும்.

1971இல் தெற்கு லண்டனில் உருவான குழு இது. ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர்: கிட்டார் வாசிக்கும் பேட்ரிக் பேட்டர்சன், பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் சிபியோ. இரண்டு பேருமே கயானாவில் பிறந்து, சிறு வயதில் லண்டனுக்கு வந்து, தெற்கு லண்டனின் பால்ஹம் (Balham) பகுதியில் வளர்ந்தவர்கள். குழுவில் மற்றவர்களும் கயானா, ஜமைக்கா, செயின்ட் வின்சென்ட் என்று கரீபியனிலிருந்து குடியேறிய குடும்பங்கள்தான்.

அந்தக் காலத்து லண்டனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குடியேறியவர்களுக்கு எதிராக பிரிட்டிஷ் அரசியல்வாதி இனோக் பவல் பேசிய பேச்சு 1968இல்தான். அதற்கு மூன்று வருடம் கழித்து, கறுப்பின இளைஞர்கள் சேர்ந்து தாங்களே எழுதிய பாட்டுகளோடு மேடை ஏறுகிறார்கள். அமெரிக்க சோல் பாட்டுகளை அப்படியே வாசித்திருந்தால் வேலை சுலபமாகக் கிடைத்திருக்கும். இவர்கள் அதைச் செய்யவில்லை. ஃபங்க், ஜாஸ், கரீபியனின் கலிப்சோ எல்லாவற்றையும், ஜமைக்காவில் பிறந்த ராஸ்தஃபாரி சமயத்தின் நயாபிங்கி என்ற முரசுத் தாளத்தோடு சேர்த்தார்கள். அதற்கு அவர்களே வைத்த பெயர் நயா ராக்.

ஜான் ஷ்ரோடர் என்ற தயாரிப்பாளர் லண்டன் சோஹோவில் இவர்கள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். முதல் ஆல்பம் 1972இல் வந்தது. அமெரிக்காவில் ஜானஸ் நிறுவனம் வெளியிட்டது. அதிலிருந்த 'தி மெசேஜ்' 1973இல் கறுப்பின இசைக்கான அமெரிக்க ஆர் அண்ட் பி பட்டியலில் 20ஆம் இடம் வரை போனது, பொதுப் பட்டியலில் 48. லண்டனிலிருந்து போன ஒரு புதுக் குழுவுக்கு இது சாதாரண விஷயமே இல்லை. சோல் பாடகர் அல் கிரீனோடு அமெரிக்காவில் சுற்றினார்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் இருக்கிற அப்பல்லோ அரங்கிலும் வாசித்தார்கள். கறுப்பின இசைக்கு அதைவிடப் பெரிய மேடை கிடையாது.

சரி, ஊருக்குத் திரும்பி வந்தால்? ஒன்றுமே இல்லை. பிரிட்டிஷ் வானொலியும் கண்டுகொள்ளவில்லை, பிரிட்டிஷ் இசைத் துறையும் கண்டுகொள்ளவில்லை. அப்பல்லோவில் கைதட்டல் வாங்கியவர்களுக்குச் சொந்த ஊரில் ஒழுங்கான மேடை கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. 1973இல் 'செகண்ட் டைம் ரவுண்ட்', 1974இல் 'பிராமிஸ்டு ஹைட்ஸ்' என்று இன்னும் இரண்டு ஆல்பம் போட்டார்கள். அதோடு நிறுத்திவிட்டார்கள். பேட்டர்சனும் சிபியோவும் பிறகு சட்டம் படித்து வழக்கறிஞர்கள் ஆனார்கள்.

இப்போதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. முதல் ஆல்பத்தில் 'ப்ரா' என்று ஒரு பாட்டு இருக்கிறது. பிரதர் என்பதன் சுருக்கம் அது. இங்கே போட்டுக் காட்டினால் காப்பிரைட் பிரச்சினை வரும், அதனால் வாயாலேயே சொல்கிறேன். முதலில் குரல், ஹார்ன்ஸ் என்கிற ஊதுகருவிகள், கிட்டார் என்று எல்லாரும் இருப்பார்கள். பாட்டின் நடுவே ஒவ்வொருவராக ஒதுங்கிக்கொள்ள, சிபியோவின் பேஸும் சாம் கெல்லியின் டிரம்ஸும் மட்டும் மிஞ்சும். பேஸ் அவசரமே படாது. அந்த இடைவெளிகளில்தான் ஆட்டம் இருக்கிறது.

'தி மெசேஜ்' பட்டியலில் ஏறிய அதே 1973இல்தான் நியூயார்க்கின் ப்ராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் பார்ட்டிகளில் ஒரு புது வித்தையைத் தொடங்கினார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை இரண்டிலும் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டுவது. ஹிப் ஹாப் பிறந்தது அப்படித்தான். அந்த வித்தைக்கு என்றே செய்ததுபோல இருந்தது 'ப்ரா'. குழு கலைந்த பிறகும் ப்ராங்ஸ் டிஜேக்களின் பெட்டியில் அந்தத் தட்டு இருந்துகொண்டே இருந்தது. இதை வாசித்தவர்கள் லண்டன்காரர்கள் என்று அங்கே ஆடியவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம் சாம்ப்ளிங் காலம், அதாவது பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புதுப் பாட்டில் சேர்ப்பது. 1989இல் டி லா சோல் என்ற ஹிப் ஹாப் குழு தங்கள் முதல் ஆல்பத்தில் 'ப்ரா'வை எடுத்துக்கொண்டார்கள். 1996இல் ஃபியூஜீஸ் என்ற இன்னொரு ஹிப் ஹாப் குழுவின் 'தி ஸ்கோர்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் சிமாண்டேயின் 'டவ்' வந்தது. கோடிக்கணக்கில் விற்ற ஆல்பம் அது. இயக்குநர் ஸ்பைக் லீ 1994இல் 'க்ரூக்லின்' படத்தில் 'ப்ரா'வைப் போட்டார். லண்டனிலும் 80களில் ரேர் க்ரூவ் என்ற பெயரில் பழைய தட்டுகளைத் தேடிப் போடும் ஒரு கூட்டம் கிளம்பியது. அவர்கள் சிமாண்டேயின் 'பிரதர்ஸ் ஆன் தி ஸ்லைடு' பாட்டைக் கொண்டாடித் தீர்த்தார்கள். கலைந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் சொந்த ஊர் ஆட வந்தது.

சாம்ப்ளிங்கைத் திருட்டு என்று ஒரேயடியாகச் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. எழுதியவர் பெயரைப் போட வேண்டும், பணத்தைக் கொடுக்க வேண்டும், அதில் சமரசமே கிடையாது. ஆனால் அந்தச் சில நொடிகள்தான் இவர்களை மறக்காமல் காப்பாற்றின. ஒரு தலைமுறை டிஜேக்கள் காது கொடுத்துக் கேட்டதால்தான் இன்றைக்கு இந்த வீடியோவே சாத்தியம்.

குழு மறுபடி ஒன்று சேர்ந்தது. 2015இல் 'எ சிம்பிள் ஆக்ட் ஆஃப் ஃபெய்த்' வந்தது. 2022இல் டிம் மெக்கென்சி ஸ்மித் இவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதைக் கட்டாயம் பாருங்கள். 2025இல் 'ரினாசென்ஸ்' ஆல்பம். பேட்டர்சனும் சிபியோவும் எழுபது வயதைத் தாண்டியவர்கள், பேஸ் இன்னும் அதே நிதானத்தில் நடக்கிறது.

முதல்முறை கேட்பவர்களுக்கு: 1972 ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள். 'டவ்' கிட்டத்தட்ட பதினொரு நிமிடம் ஓடும், தாண்டிவிடாதீர்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் சரியாகக் கேட்காது, ஹெட்போன் கட்டாயம். அதன் பிறகு 'பிரதர்ஸ் ஆன் தி ஸ்லைடு'. கேட்டுவிட்டு எந்தப் பாட்டு உங்களைப் பிடித்துக்கொண்டது என்று கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன். அடுத்த வீடியோவில் ஹீட்வேவ்.